பட்டியல் போடுகிறவர்களை நம்பலாம்: லெட்டர்பாக்ஸ்ட், ஸ்டோரிகிராஃப்

செஸ், ரயில், பழைய கணினி, விண்வெளி என ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்தவர்களுக்கு ஓடிடி தளங்களின் பரிந்துரை போதாது. தன் கிடங்கில் இருப்பதைத்தான் ஓடிடி எடுத்து நீட்டும். அதைத் தாண்டித் தேட இரண்டு செயலிகள் உதவுகின்றன: படங்களுக்கு லெட்டர்பாக்ஸ்ட், புத்தகங்களுக்கு ஸ்டோரிகிராஃப். இரண்டிலும் செஸ்ஸை வைத்துத் தேடிப் பார்த்தேன்.

லெட்டர்பாக்ஸ்ட் 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கியது. பார்த்த படத்தை நாட்குறிப்பில் ஏற்றலாம், அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை மதிப்பெண் தரலாம், விமர்சனம் எழுதலாம். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இதன் சரக்கு பட்டியல்களில்தான் இருக்கிறது. தேடலில் ‘செஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ‘லிஸ்ட்ஸ்’ பகுதிக்குப் போங்கள். யாரோ பொறுமையாகத் தொகுத்த பட்டியல்கள் வரிசைகட்டும். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ (1977), மீரா நாயரின் ‘குயின் ஆஃப் காட்வே’ (2016) போன்றவை எதிர்பார்த்தவையே. ஆண்ட்ரூ புஜால்ஸ்கியின் ‘கம்ப்யூட்டர் செஸ்’ (2013) வேறு ரகம். 1980 வாக்கில் செஸ் நிரல்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டியைப் பற்றிய படம். அந்தக் காலத்துக் குழாய் வீடியோ கேமராவிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வசதி இன்னும் கூர்மையானது. எந்தப் படத்தின் பக்கத்திலும், அது இடம்பெற்ற பட்டியல்களைத் திறக்கலாம். ‘கம்ப்யூட்டர் செஸ்’ஸிலிருந்து இப்படி நகர்ந்தால் செஸ்ஸை விட்டு, கணினிப் படங்களின் உலகத்துக்குள் வந்துவிடுவீர்கள். ‘டெஸ்க் செட்’ (1957), ‘வார்கேம்ஸ்’ (1983) எல்லாம் அந்தத் தெருவில்தான் குடியிருக்கின்றன.

ஸ்டோரிகிராஃபின் வழி வேறு. நாடியா ஒடுனாயோ உருவாக்கிய இது, அமேசான் 2013இல் வாங்கிய குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்துக்கு மாற்றாக வளர்ந்தது. புத்தகத்தை முடித்ததும் மனநிலை என்ன, வேகம் எப்படி, கதை நகர்வது சம்பவத்தாலா பாத்திரத்தாலா என்று கேட்கிறது. வாசகர்களின் பதில்கள் சேர்ந்து அந்தப் புத்தகத்தின் குணத்தைக் காட்டும். மதிப்பெண்ணில் கால் நட்சத்திரமும் உண்டு. மனநிலை, வேகம், பக்க அளவு என்று வடிகட்டலாம். ஸ்டெஃபான் ஸ்வைக்கின் செஸ் குறுநாவலும் வால்டர் டெவிஸின் ‘தி குயின்ஸ் கேம்பிட்’டும் (1983) ஒரே ஆட்டத்தைப் பற்றியவை; இன்று இரவே முடிக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டுமென்றால் எதை எடுப்பது என்று இந்த வடிகட்டிகள் சொல்லிவிடும்.

குறைகள்? லெட்டர்பாக்ஸ்டின் படத் தகவல்கள் டிஎம்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. விடுபட்ட படத்தை அங்கே போய்த்தான் சேர்க்க வேண்டும். தமிழ்ப் படப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் எழுத்துக்கூட்டல் தேடலைக் குழப்பும். ஸ்டோரிகிராஃபில் தமிழ்ப் புத்தகங்கள் மிகவும் குறைவு. நாமே கையால் சேர்க்கலாம், ஆனால் போதிய வாசகர் பதில்கள் இல்லாமல் மனநிலைக் கணக்கு உருவாகாது. ஆக, தமிழ் வாசிப்புக்கு இப்போதைக்கு அது குறிப்பேடு மட்டுமே.

இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம். லெட்டர்பாக்ஸ்டின் கட்டணத் திட்டம் விளம்பரத்தை நீக்கும், நம்மிடம் சந்தா உள்ள ஓடிடிகளில் என்ன கிடைக்கிறது என்று வடிகட்டும், ஆண்டுக் கணக்கும் காட்டும். மாதத்துக்கு நாலைந்து படம் பார்ப்பவருக்கு அது தேவையில்லை.

படப் பித்தர்களுக்கு லெட்டர்பாக்ஸ்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலத்தில் வாசிப்பவர்களுக்கு ஸ்டோரிகிராஃபையும். தேடலைப் புகழ்பெற்ற படத்திலிருந்து தொடங்க வேண்டாம், அது ஆயிரக்கணக்கான பட்டியல்களில் இருக்கும். உங்களுக்குப் பிடித்து, அதிகம் பேர் பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு உங்கள் ரசனையே இருக்க வாய்ப்பு அதிகம்.