மூலிகைத் தீவனம் முயலின் வெப்பத்தைத் தணிக்குமா?

கோடை வெப்பத்திலிருந்து முயல்களைக் காக்கத் தீவனத்தில் தாவரப் பொடிகளைச் சேர்க்கலாம் எனக் கூறும் ஆய்வுகள் எகிப்து நாட்டிலிருந்து ஏராளமாக வெளிவருகின்றன. முருங்கையிலை, கருஞ்சீரகம், இஞ்சி, மஞ்சள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைப் படிக்கும் பௌதிக மாணவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. உடலில் சேர்ந்த வெப்பம் எந்த வழியாக வெளியேறியது?

முயலின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்த்துக் கொட்டும் வசதி இல்லை. நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தைக் காற்றுக்குத் தள்ளுகின்றன. காற்றே 35 டிகிரி ஆகிவிட்டால் அந்த வழி அநேகமாக அடைபட்டுப் போகிறது. எஞ்சியிருப்பது மூச்சிரைத்து நீரை ஆவியாக்குவதே. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் நீங்கும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதலும் மந்தமாகும்.

ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது. எகிப்திய அறிஞர் மராய் குழுவினர் 2001-இல் வெளியிட்ட முயல்களுக்கான சுட்டெண், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எண் 27.8-க்குக் கீழிருந்தால் தொல்லையில்லை. 30-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. வெப்பநிலை 32 டிகிரியாகவே இருந்தாலும், ஈரப்பதம் 50 சதவிகிதமானால் எண் 29.3, 80 சதவிகிதமானால் 30.9.

மூலிகை ஆய்வுகள் பெரிதும் அளப்பவை வேறு: இரத்தத்தில் கொழுப்புச் சிதைவைக் காட்டும் பொருள்கள், ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் நொதிகள், உடல் எடை. இந்த அளவீடுகள் பயனற்றவை என்று கூறமாட்டோம். வெப்பத்தால் செல்களுக்கு விளையும் சேதத்தைத் தாவரப் பொருள்கள் ஓரளவு குறைக்கக் கூடும். ஆயினும் மழையில் நனைந்தவனுக்குக் கஷாயம் கொடுப்பதும், கூரையின் ஓட்டையை அடைப்பதும் ஒன்றாகிவிடுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வெயிலில் முயல் குறைவாகத் தின்பது ஒரு தற்காப்பு. செரிமானமே வெப்பத்தை உண்டாக்குமாதலால், தீனி குறைந்தால் வெப்பமும் குறையும். பொடியால் பசி கூடி எடையும் கூடியது என்றால், உடலில் உண்டாகும் வெப்பமும் கூடியிருக்க வேண்டும். அது எங்கே போயிற்று என்பதற்கு ஆய்வாளர் விடை கூறவேண்டும்.

மேலும், முருங்கையிலை புரதம் மிகுந்த உணவு. பொடி பெறாத முயல்களுக்கும் அதே அளவு புரதம் கிடைத்ததா? குளிர்ந்த கொட்டிலில் வளர்ந்த மூன்றாவது தொகுதி ஒன்று ஒப்பீட்டுக்கு இருந்ததா? அத்தொகுதி இல்லாவிடில், பொடி முயலை வெப்பத்திலிருந்து காத்ததா, வெறுமே நன்றாக ஊட்டி வளர்த்ததா என்று பிரித்தறிய இயலாது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. கடும் வெப்பத்தில் ஆண் முயலின் விந்துத் தரம் கெடும், குட்டிகள் மடியும். பொடியை நம்பி வெயில் காயும் தகரக் கூரையை அப்படியே விட்டுவிடும் சிறு பண்ணையாளருக்கு ஒரு பருவமே வீணாகிவிடும். முதற்செலவு நிழலுக்கும், காற்றோட்டத்திற்கும், குளிர்ந்த குடிநீருக்கும் ஆகட்டும். மிச்சமிருந்தால் மூலிகையைச் சோதித்துப் பார்க்கலாம்.