இலத்தீன் எனும் திரை

மக்களுக்குப் புரியும் மொழியிலே சட்டம் இருந்துவிட்டால், மக்கள் சட்டம் அறிந்தவராகிவிடுவரோ?

இக் கேள்வியை எழுப்பியவர் ஏதுமறியாதவரல்லர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலச் சட்டத்துக்கென முதன்முதல் பேராசிரியராக அமர்ந்த வில்லியம் பிளாக்ஸ்டன்! 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக அவர் வெளியிட்ட இங்கிலாந்துச் சட்ட விளக்கவுரை, இன்றளவும் அறிஞர் போற்றும் நூல். அதன் மூன்றாம் தொகுதியில், நீதிமன்றத்தினின்றும் இலத்தீனை வெளியேற்றியதால் மக்களுக்கு விளைந்த நன்மை ஏதுமில்லை என்று வாதாடுகிறார். அந்த வாதத்தைத்தான் நாம் இங்கே எடைபோட விரும்புகிறோம்.

வரலாற்றை முதலில் காண்போம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், மக்கள் பேசியது ஆங்கிலம். வழக்குரைஞர் வாதாடியது பிரெஞ்சு. ஏட்டில் எழுதியது இலத்தீன்! பிரெஞ்சு மொழி மக்களுக்குப் புரியவில்லை; எனவே ஆங்கிலத்தில் வாதாடுக என 1362இல் ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது என்பது வேடிக்கை. ஏடுகளிலோ இலத்தீன் அசையவில்லை. மன்னனை வீழ்த்திய குடியரசு 1650இல் அதனை அகற்றிற்று. 1660இல் மன்னராட்சி திரும்பிற்று, இலத்தீனும் உடன் திரும்பிற்று. முடிவில் 1731இல் இயற்றிய சட்டத்தின்படி, 1733 மார்ச்சு முதல் ஆங்கிலம் அரியணை ஏறிற்று. வாய்க்கும் ஏட்டுக்கும் இடையே 371 ஆண்டுத் தொலைவு!

பிளாக்ஸ்டன் அடுக்கும் குற்றச்சாட்டுகள் யாவை? இலத்தீன் சுருக்கமானது, ஆங்கிலத்துக்குச் சொற்கள் மிகுதியாகத் தேவை, தாளுக்குத் தாள் முத்திரைக் கட்டணம் உண்டாகையால் செலவு பெருகிற்று என்கிறார். பழைய ஏடுகளைப் படிக்க எழுத்தருக்கே இயலாமற் போயிற்று என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் முன்போலவே சட்டம் அறியாதிருக்கின்றனர் என்கிறார்.

தாளுக்கு வரி விதித்தது யார்? ஆங்கில மொழியா, அரசா? வரியின் குற்றத்தை மொழியின் தலையிலே சுமத்துவது வழக்கறிஞரின் சாமர்த்தியமாகலாம், நியாயமாகாது. மக்கள் அறியவில்லை என்கிறாரே, நூற்றாண்டுக் கணக்கில் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, திறந்த 35 ஆண்டுகளில், "இன்னும் ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்பது முறையா? பள்ளி எத்தனை பேருக்குக் கிட்டிற்று அந்நாளில்?

திரைக்குப் பின்னே நடந்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டாமா? வழக்காடப் புகுபவன், மன்னன் பெயரால் வெளியாகும் பேராணையை, அதாவது ரிட்டை, விலைகொடுத்துப் பெறவேண்டும். ஒவ்வொரு வகைக் குறைக்கும் ஒவ்வொரு ரிட். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இலத்தீன் வாசகம். தவறானதைத் தேர்ந்தால், நியாயம் அவன் பக்கமே இருப்பினும் வழக்கு வீழும்! இந்தக் கட்டு உடைந்தது 19ஆம் நூற்றாண்டிலேதான்.

உயிர்களும் அம்மொழியில் ஊசலாடின. "டி ஹெரெட்டிகோ கம்பூரெண்டோ" என்றொரு ரிட். ஓதும்போது மந்திரம் போல ஒலிக்கும்; பொருளோ, மதமறுப்பாளனை எரித்தல்! 1401இல் சாட்டர் என்ற பாதிரியாரை எரித்தனர். 1612 வரை அத் தீ மூண்டது. 1677இல்தான் அந்த ரிட் ஒழிந்தது.

இன்னொரு காட்சி. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்தில் ஓரடியைப் படித்துக் காட்டினால் தூக்கிலிருந்து தப்பலாம். பாதிரிமாருக்கெனத் தோன்றிய சலுகை, படித்தவருக்கெல்லாம் பரவிற்று. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றார். இச் சலுகையைக் கோரினார். கட்டைவிரலில் சூட்டுக் குறியோடு உயிர் பிழைத்தார். அவர் வாழ்ந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. நாடக இலக்கியம் வாழ்ந்தது. ஆனால் அதே குற்றம் புரிந்த எழுத்தறியா உழவன்? அவனுக்குக் கயிறு! படிக்கும் சோதனை 1706 வரையிலும், அச் சலுகை 1827 வரையிலும் நீடித்தன. ஒரே குற்றம், இரு நீதி!

இலத்தீன் சொல் யாவும் நஞ்சென்று நாம் கூறவில்லை. "ஹேபியஸ் கார்பஸ்", அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்து எனும் ஆணை, தேம்ஸ் ஆற்றுக் கப்பலில் விலங்கிடப்பட்டிருந்த ஜேம்ஸ் சாமர்செட் எனும் நீக்ரோ அடிமையை 1772இல் மீட்டது. எனினும் நினைவிற் கொள்க: பழைய அந்த ரிட்டுக்குப் பல் முளைக்கச் செய்தது, மீறும் சிறை அதிகாரிக்கு 100 பவுன் தண்டம் விதித்த 1679ஆம் ஆண்டுச் சட்டம். அது ஆங்கிலத்தில் எழுந்த சட்டம்! காத்தது இலத்தீனின் ஓசையல்ல, அதன் பொருளும் அதற்குப் பின்னிருந்த உறுதியும்.

பிளாக்ஸ்டனுக்கு விடை, பிளாக்ஸ்டனே! அவர் தம் விளக்கவுரையை இலத்தீனிலா எழுதினார்? இனிய, தெளிந்த ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவேதான் அது வழக்கறிஞரல்லாதார் கைகளையும் அடைந்தது. கடல் கடந்து அமெரிக்கக் குடியேற்றங்களிலும் ஏராளமாக விலைபோயிற்று. தாய்மொழியில் சட்டம் வீண் என்ற வாதத்தை அவர் நூலின் வெற்றியே வீழ்த்துகிறது. அவர் சொற்பொழிவுகளைக் கேட்ட மாணவர் ஜெரமி பெந்தாம், 1776இல் ஆசானையே எதிர்த்து நூல் எழுதினார். கேட்டுப் புரிந்தவன்தானே எதிர்த்துக் கேட்க முடியும்!

இங்கிலாந்தே 2004இல் மாண்டமஸ், புரொஹிபிஷன், செர்ஷியோராரி எனும் பெயர்களை விடுத்து எளிய ஆங்கிலப் பெயர் சூட்டிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 32ஆம் விதியிலோ அப் பழம்பெயர்கள் இன்றும் உள்ளன. "ஆட்கொணர்வு மனு" என்று தமிழில் சொல்லும்போது, சிறையிலிருப்பவனின் தாய்க்கும் அதன் பொருள் விளங்குகிறதன்றோ?

அந்த விளக்கமே உரிமையின் முதற்படி. புரியாத சொல்லின் முன் தலைகுனியற்க; "இதன் பொருள் யாது, இதனால் பயன் யாருக்கு?" என்று கேட்பீர், தோழர்களே!