தெரியாத திரை: கும்மிடிப்பூண்டியிலிருந்து சேப்பாக்கத்தைப் பார்த்தல்

கிரிக்கெட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் இரண்டு வழிகள்தான் இருந்துவந்திருக்கின்றன. ஒன்று, அது காலனியம் விட்டுச்சென்ற எச்சம், மேல்சாதி ஆட்டம், மூலதனத்தின் விளம்பரப் பலகை என்று சொல்லி முடித்துவிடுவது. இன்னொன்று, ஒன்றுமே எழுதாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். முதல் வாதத்திலுள்ள உண்மையை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைப் பார்க்க யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை, அதை யார் தீர்மானிக்கிறார்கள்? படம் ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்தக் கேள்வி எழாது. திரை இருண்டுபோகும்போதுதான் எழும்.

நான் வளர்ந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனியில். சேப்பாக்கம் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். யூனிட் ட்ரெயின் பிடித்து சென்ட்ரலில் இறங்கினால் அப்புறம் ஒரு பஸ். ஆனாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போய் மேட்ச் பார்த்தவர் என்று எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. எங்களுக்குச் சேப்பாக்கம் பெட்டிக்குள் தெரிகிற ஊர். பெட்டி காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை.

2003 செப்டம்பர் 1ஆம் தேதி சென்னையில் சி.ஏ.எஸ். முறை வந்தது. கட்டணச் சேனல்களைப் பார்க்க செட்டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும் என்றார்கள். பெரும்பாலான வீடுகள் வாங்கவில்லை. விளையாட்டுச் சேனல்கள் ஒரே ராத்திரியில் மறைந்தன. எங்கள் ஊர் அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் கேபிள்காரர் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே வயரில் விட்டுக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையிலிருந்த என் மாமா அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி வந்துவிட்டார். ஞாயிறு விடியற்காலை அடிலெய்டில் திராவிடும் லட்சுமணும் ஆடியதைக் கம்பளி போர்த்திக்கொண்டு பார்த்தோம். "மெட்ராஸ்ல இருந்து மேட்ச் பார்க்க இந்தக் காட்டுக்கு வரவேண்டியதாப் போச்சே மாப்ள" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் மையம், விளிம்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிற வரைபடத்தை ஒரு வயர் தலைகீழாக்கிக் காட்டியது அன்றைக்குத்தான். விளிம்பு என்பது நிரந்தரமான இடம் இல்லை. வசூலுக்காகப் போடப்படும் கோடு, ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் விழுகிறது.

இரண்டாவது, 2007 ஜனவரி. வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்து ஆடிய ஒருநாள் தொடர். ஒளிபரப்பு உரிமை வாங்கிய தனியார் நிறுவனத்துக்கும் பிரசார் பாரதிக்கும் தகராறு. நேரலைக்குப் பதிலாக 7 நிமிடம் தாமதித்துத் தூர்தர்ஷனில் காட்டலாம் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. ஜனவரி 27ஆம் தேதி ஆட்டம் சேப்பாக்கத்தில். எங்கள் தெருவில் கேபிள் வைத்திருந்த வீடும் ஆண்டெனா வீடும் அடுத்தடுத்து. கேபிள் வீட்டில் "அய்யோ" என்பார்கள். ஆண்டெனா வீட்டில் அப்போதுதான் முந்தைய ஓவர் ஓடிக்கொண்டிருக்கும். லாரா அடிக்கப்போகிற அடி பக்கத்து வீட்டுக்காரன் குரலாக முதலில் வரும், படமாகப் பிறகு வரும். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 7 நிமிட வித்தியாசத்தில் இரண்டு காலங்கள். வர்க்கத்தைப் பற்றி நான் படித்த எந்தப் பிரதியும் இவ்வளவு துல்லியமாக அதை அளந்துகாட்டியதில்லை.

அதே 2007இல் முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் வந்தன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளை, முடிந்தவரை அதிகமான மக்கள் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதற்காக உரிமம் பெற்றவர் தன் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிர வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் சட்டத்தையும் ஒரு பிரதியாகத்தான் படிக்க வருகிறது. 'பகிர்வு' என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்கும் யாருக்கும் இடையில் பகிர்வு? தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75க்குக் குறையாமல், ஒளிபரப்புகிறவருக்கு 25 என்று விகிதம் போட்டிருக்கிறார்கள். நோக்கத்தில் இருந்த 'மக்கள்' கணக்கு வரும் இடத்தில் காணாமல் போய்விட்டார்கள். 'தேசிய முக்கியத்துவம்' என்ற சொல்லும் அப்படித்தான். இந்திய அணி ஆடினால் தேசியம். தமிழ்நாட்டு அணி ரஞ்சியில் ஆடினால் அது சட்டத்துக்கு வெளியே.

மூன்றாவது, 2017 ஆகஸ்ட் 22. இப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர்கள் வழியாகப் போகக்கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிள்காரர் தூர்தர்ஷனைக் கட்டாயம் எடுத்துச்செல்ல வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் மேட்ச் வரும்போது அந்தப் படம் அவருக்குக் கிடைக்காது. மாதாமாதம் பணம் கட்டுகிற வீட்டில் தூர்தர்ஷன் வேறு எதையோ காட்டும். சிப்காட்டில் ஒடிசா, பீகார் தொழிலாளிகள் எட்டுப் பேர் படுக்கிற தகரக்கூரை அறையில், மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் குடையில் அதே மேட்ச் ஓடும். "காசு குடுக்கிறவனுக்கு இல்ல, குடுக்காதவனுக்கு இருக்கு. ஜனங்க என்னைத்தான் திட்டுது தம்பி" என்று எங்கள் கேபிள்காரர் அண்ணன் புலம்பினார்.

தீர்ப்பின் தர்க்கத்தைக் கேலி செய்யத் தேவையில்லை. கோடிக்கணக்கில் கொடுத்து உரிமை வாங்கியவருடைய சரக்கு இன்னொரு வாசல் வழியாக இலவசமாகப் போனால் அவருக்கு நஷ்டம். சொத்திலிருந்து தொடங்கினால் இது சரிதான். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதுதானே அரசியல்! வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் 1995 பிப்ரவரி 9ஆம் தேதி அதே உச்சநீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. பேச்சுரிமைக்குள் பார்வையாளரின் உரிமையும் அடங்கும் என்றது. அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியிருந்தால் 'மக்கள்' என்ற சொல் ஒரு குறிப்பிட்ட குடை வைத்திருப்பவர்கள் என்று சுருங்கியிருக்காது.

இது நம்மூர் விபரீதம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் ஒவ்வொன்றும் சுற்றுவட்டாரத்தைத் தன் எல்லையாக அறிவித்துக்கொள்கின்றன. நாடு முழுவதுக்குமான சந்தாவைக் கட்டினாலும், உங்கள் ஊரைத் தன் எல்லை என்று சொல்லும் அணியின் ஆட்டம் அதில் வராது. அயோவா மாநிலத்துக்கு என்று முதல்தர அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அதன் பகுதிகளைச் சுற்றியுள்ள ஆறு அணிகள் தங்கள் எல்லை என்றன. அயோவாக்காரரின் நிலைமை கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு உடனே புரியும். தொழிற்சாலைக்கு நிலம் வேண்டுமென்றால் நாங்கள் 'சென்னைக்கு மிக அருகில்'. மற்ற எதற்கும் நாங்கள் தூரம்.

இந்த 'உள்ளூர்' எவ்வளவு பொய்யானது என்பதை 2018 ஏப்ரல் காட்டியது. காவிரிக்காகச் சேப்பாக்கத்தில் போராட்டம் நடந்தது. சென்னை அணியின் மீதி ஆட்டங்களை புணேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் அது 'சொந்த மைதானம்' என்றே திரையில் காட்டப்பட்டது. ஆட்டத்துக்கு ஊர் தேவைப்படவில்லை. வசூல் எல்லை போடத்தான் ஊர் தேவைப்படுகிறது.

"மறைந்தால் மறையட்டுமே, ஒரு போதை குறையும்" என்றார் ஒரு தோழர். போதையை விமர்சிப்பது நம் வேலை. பார்க்கவிடாமல் செய்வதை விமர்சனம் என்று ஏற்க முடியாது. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து வந்த உலைத் தொழிலாளியிடம் போய், உன் திரை இருண்டதில் உனக்கு விடுதலை என்று சொல்ல நமக்கு என்ன அருகதை?

ஆனால் பார்க்கும் உரிமையோடும் நிறுத்திவிட முடியாது. அந்தத் தகரக்கூரை அறைக்கு நான் அடிக்கடி போவேன். அறையிலிருந்தவர்களில் ஒருவருக்கு மில்லில் உருகிய இரும்பு தெறித்துத் தொடை வெந்துபோனது. அன்றைக்கு ராத்திரி எல்லாச் செய்திச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வரி இல்லை. அதற்குத் தடையாணை எதுவும் தேவைப்படவில்லை. யாரும் வாங்காத காட்சியை மறைக்க நீதிமன்றம் எதற்கு? பொங்கலுக்குக் காலனிப் பையன்கள் நடத்துகிற வாலிபால் போட்டியும் அப்படித்தான்.

ஆக, இரண்டு இருட்டுகள் இருக்கின்றன. விலை இருப்பதால் மறைக்கப்படுவது ஒன்று. விலையே இல்லாததால் தெரியாமல் போவது இன்னொன்று. முதலாவதைக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நாமாவது எழுதியிருக்க வேண்டும். 1995 தீர்ப்பின் 'பொதுச்சொத்து' என்ற சொல்லை நம் எழுத்தாளர் அமைப்புகள் இதுவரை கையில் எடுக்கவில்லை. தூர்தர்ஷனில் வருகிற ஆட்டம் கேபிளிலும் வர வேண்டும் என்று கேட்பது கிரிக்கெட் வெறியர்களின் வேலை என்று ஒதுங்கினோம். அலைவரிசை நம்முடையது என்றால் அதில் சேப்பாக்கமும் வர வேண்டும், வெந்த தொடையும் வர வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கோரிக்கையாக வைக்க முடியுமா என்பதுதான் நான் விவாதத்துக்கு வைக்கும் கேள்வி. தோழர்கள் எழுதுங்கள்.