தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி

முசிறிக்கு ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து கிளம்பும் ரயில் காவிரியின் தென்கரையிலேயே குளித்தலை வழியாகக் கரூருக்குப் போய்விடுகிறது. வடகரைக்காரர்களான எங்களுக்கு எல்லாமே பஸ்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் நொச்சியம், வாத்தலை, குணசீலம் என்று ஆற்றை ஒட்டியே வரலாம். அதே ரோட்டில்தான் நான் மேல்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போனேன். அப்பா அதே ரோட்டில் ஒரு தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை பின்னால் ஹாரன் கேட்டு, வழக்கம்போல ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றேன். தாண்டிப் போனது அப்பாவின் பஸ். ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

"காலையில நின்னது நான்தான்னு தெரிஞ்சுச்சாப்பா?"

"இல்லையே. ஒரு சைக்கிள் நின்னுச்சு, அவ்ளோதான் தெரிஞ்சுது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பதில் முப்பது வருஷமாகப் போகவில்லை. படங்களையும் கதைகளையும் பற்றி எழுத ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம்முடைய கதைசொல்லிகளும் ஏறக்குறைய அப்பாவின் சீட்டில் உட்கார்ந்துதான் ரோட்டைப் பார்த்திருக்கிறார்கள். சைக்கிள் தெரிகிறது, அதில் இருக்கிற ஆள் தெரிவதில்லை. ஆளைப் பார்த்துவிட்டால் பஸ் காணாமல் போய்விடுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தாண்டுகிற அந்த மூன்று விநாடியை எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

நான் சொல்வதற்கு நல்ல உதாரணம் 2011ல் வந்த சரவணனின் 'எங்கேயும் எப்போதும்'. எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் படமாகவே பார்த்தார்கள். திருச்சியிலிருந்து ஒரு அரசு பஸ், சென்னையிலிருந்து ஒரு ஆம்னி பஸ், இரண்டும் வழியில் மோதிக்கொள்கின்றன. மோதப்போவது முதலிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு பஸ்ஸுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மனிதர்களை ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்துவைத்து, இவர்களா சாகப்போகிறார்கள் என்று நம்மைப் பதற வைக்கிறார் இயக்குநர். தமிழில் சாலை விபத்தைப் பற்றி இவ்வளவு பொறுப்போடு எடுத்த வெகுஜனப் படம் வேறு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு டிக்கெட் உண்டு. பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்குத்தான் கதை. ரோட்டில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மரம் மாதிரி. இதைப் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. அது எடுத்துக்கொண்ட கதை அது. ஆனால் ஒரு சமூகம் விபத்து என்றாலே இரண்டு பெரிய வண்டிகள் மோதிக்கொள்வது என்று மட்டும் கற்பனை செய்ய ஆரம்பித்தால், விபத்து ஆகாமல் தினமும் நடக்கிற ஒதுக்கல் அதன் கணக்கிலேயே வராது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக் குழு'வில் சைக்கிள் ஒன்று பஸ்ஸோடு போட்டிபோடும் காட்சி வரும். தியேட்டரில் விசில் பறந்தது. நானும் கைதட்டினேன். பிறகு யோசித்தால், கைதட்டல் எதற்கு? சைக்கிள் ஜெயிக்க வேண்டும் என்றால் அது பஸ்ஸாக மாற வேண்டியிருக்கிறது. பஸ் மாதிரி வேகம், பஸ் மாதிரி அவசரம். கபடிக்காரனின் கால் பலத்தைக் காட்ட அந்தக் காட்சி போதும். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் வாழை இலைக்கட்டை கேரியரில் வைத்து மிதித்துப்போகிற ஆளுக்கு அந்த ஜெயிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குப் பஸ்ஸை முந்த வேண்டாம். பஸ் போன பிறகும் தான் ரோட்டிலேயே இருந்தால் போதும்.

இலக்கியத்தில் சைக்கிள் நன்றாகவே ஓடியிருக்கிறது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' சந்திரசேகரன் செகந்திராபாத்தைச் சைக்கிளில்தான் சுற்றுகிறான். நகரத்தில் பயம் பரவுவதை அந்தப் பையனின் சைக்கிள் வேகத்திலேயே நாமும் பார்க்கிறோம். பெரும்பாலான மற்றவர்களுக்குச் சைக்கிள் என்றால் ஞாபகம். வாடகை சைக்கிள், குரங்கு பெடல், டபுள்ஸ் போய் போலீஸிடம் மாட்டிக்கொண்டது, லைட் இல்லாமல் பிடிபட்டது. எல்லாம் இனிமையானவை, எல்லாம் முடிந்துபோனவை. இன்றைக்குக் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரைப் பற்றி யாரும் இப்படி எழுதுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்கு மக்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டது. இந்திய அளவில் சைக்கிளில் போகிறவர்கள் சுமார் 13 சதவீதம். பஸ்ஸில் போகிறவர்கள் சுமார் 11 சதவீதம். நாம் பழைய நினைவாக எழுதிக்கொண்டிருந்த வாகனம், அந்த வருஷத்தில்கூடப் பஸ்ஸைவிட அதிகம் பேரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

சைக்கிளை நிகழ்காலத்தில் வைத்து எழுதியவர் சாய்நாத். 1996ல் வந்த அவருடைய புத்தகத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் அது. 1974க்கு முன்னால் அதில் பெரும்பகுதி திருச்சி மாவட்டமாகவே இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபங்களில் ஒன்று. அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் பஸ் என்பது வராத ஒன்று. வராததால்தான் சைக்கிள் விடுதலையாகிறது. சரிதான். ஆனால் அந்தப் பெண்கள் கிராமத்து ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறியபோது பஸ் வந்திருக்கும். அப்போது என்ன ஆனது? அங்கிருந்துதான் அடுத்த கட்டுரை தொடங்கியிருக்க வேண்டும். அதை யாரும் எழுதவில்லை.

அதை எழுத வேண்டுமென்றால் டிரைவர் சீட்டிலும் ஏறிப் பார்க்க வேண்டும். டிரைவரைத் திட்டி எழுதுவது சுலபம், அவரைத் தெரியாதவர்களுக்கு. அப்பா சொல்வார்: "சைக்கிள்காரனுக்குப் பின்னாடி கண்ணு இல்ல. எனக்கு இடது பக்கம் கண்ணு இல்ல. ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல போறோம்." டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது மூலையில். சைக்கிள் போவது இடது ஓரத்தில், பஸ்ஸின் மூக்குக்குக் கீழே. நடுவில் கொதிக்கிற என்ஜின் பெட்டி. இடது கண்ணாடியை முன்படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மறைத்துவிடுவார்கள். காலை எட்டரை மணி பஸ்ஸில் அப்பாவுக்கு அந்தக் கண்ணாடி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதற்கு மேல் டைம். தனியார் பஸ்ஸில் நிமிஷம்தான் முதலாளி. முன்னால் போன வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவே சில நிமிஷம். அதற்குள் ஸ்டாப்பில் நிற்கும் ஆட்களை அள்ளியாக வேண்டும். லேட்டானால் கலெக்‌ஷன் அடுத்த வண்டிக்குப் போய்விடும், படி குறையும். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் கால் நிமிஷம் ஊர்ந்தால், அந்தக் கால் நிமிஷம் டிரைவர், கண்டக்டர் இருவரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. ஹாரன் அங்கேதான் பிறக்கிறது. பல சுருதியில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடைசெய்திருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறவரை, ஹாரனைக் கழற்றினாலும் அவசரம் கழறாது.

மூன்றாவது காரணம் ரோடு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு இலை வியாபாரி. நான் பிளஸ் டூ படித்த வருஷம், அப்பாவின் பஸ்ஸுக்கு ஒதுங்கப்போன அவர் சைக்கிளோடு விழுந்தார். பஸ் அவர் மேல் படவில்லை. கை எலும்பு முறிந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, பதினைந்து நிமிஷம் லேட்டாக முசிறி வந்தார். அன்றைக்கு அவருக்குப் படி கிடையாது. மறுநாளும் வண்டி தரவில்லை. சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திட்டு விழும் என்று பயந்துகொண்டே நின்றேன்.

அந்தப் பெரியவர் நிதானமாகச் சொன்னார். "தம்பி, நீங்க ஹாரன் அடிச்சதும் நான் இறங்கத்தான் பார்த்தேன். சக்கரம் இறங்க மாட்டேனுடுச்சு. பள்ளமால்ல கெடக்கு. நான் மட்டும் இறங்கிட்டேன்."

அப்பா, "எனக்கும் தெரியும்ணே. நான் வலது பக்கம் ஒடிச்சிருக்கணும், எதிர்ல லாரி" என்றார். அதற்குமேல் இருவரும் ரோட்டைத்தான் திட்டினார்கள்.

பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுவது நம் வழக்கம். ஒவ்வொரு முறையும் ரோடு கொஞ்சம் உயரும். ஓரத்து மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. மழை வேறு அரித்துக்கொண்டு போகும். சில வருஷத்தில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி விழுந்துவிடும். பஸ்ஸுக்கு அது தெரியவே தெரியாது. காருக்கு ஒரு குலுக்கல். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அது ஒரு சுவர், அதுவும் கீழ்நோக்கி. 'ஓரமாப் போ' என்று கத்துகிற டிரைவர், இல்லாத ஓரத்துக்குப் போகச் சொல்கிறார். 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், ரோடு உயர உயர வீடுகள் பள்ளத்தில் போய்விடுகின்றன, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்பது. வீட்டுக்காரரின் கஷ்டம் அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. இலைக்கட்டுக்காரரின் கஷ்டம் அந்த உத்தரவின் ஓரத்தில் தற்செயலாகக் கொஞ்சம் நனைகிறது, அவ்வளவுதான்.

இதில் முரண் என்னவென்றால், பஸ்ஸையும் சைக்கிளையும் இவ்வளவு தாராளமாகக் கொடுத்த மாநிலம் வேறு இருக்குமா தெரியவில்லை. 1996க்குப் பிறகு பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ். 2005-06லிருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் இலவச சைக்கிள், அதற்கு முன்னாலேயே பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இரண்டு கட்சிகளும் போட்டிபோட்டுக்கொண்டு செய்தவை, மூன்றும் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தவை. ஆனால் அந்தப் பஸ்ஸும் அந்தச் சைக்கிளும் ஒரே ரோட்டில் சந்திக்கும் என்று எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை. வண்டியைக் கொடுத்தோம், இடத்தைக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் நிற்கிற அம்மாவும் கீழே மிதிக்கிற மகளும் ஒரே வீடாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது, மேலே அப்பா, கீழே நான்.

2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதிகமான விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. செத்தவர்களில் சைக்கிளில் வந்தவர்கள் சுமார் 3 சதவீதம். சதவீதம் சின்னதாக இருப்பதால் விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆள் கணக்கில் அது கிட்டத்தட்ட ஐயாயிரம். எங்கள் இலை வியாபாரி மாதிரி கை முறிந்தவர்கள், ரோட்டுக்குப் பயந்து சைக்கிளையே விட்டவர்கள் இதில் சேர்த்தியில்லை.

வெளியூர் உதாரணம் எல்லாம் இங்கே பலிக்காது என்பார்கள். இருந்தாலும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2020லிருந்து, சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்திலேயே எண் போட்டுவிட்டார்கள். பிரேசிலில் பஸ் டிரைவர்களை நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் உட்காரவைத்து, பக்கத்தில் பஸ்ஸை உரசுகிற மாதிரி ஓட்டிக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முதலாவது நம் ரோட்டில் இப்போதைக்கு நடக்காது, இரண்டு மீட்டர் விட்டால் எதிர் லாரியில் மோத வேண்டியதுதான். இரண்டாவதற்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பஸ்ஸும் ஒரு டெப்போ மைதானமும் போதும். அதோடு டிரைவரின் நிமிஷக் கணக்கைத் தளர்த்த வேண்டும், ஓரத்து மண்ணை நிரப்ப வேண்டும். இவை செய்யாமல் டிரைவருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தால், பழியை மட்டும் அவர் தலையில் ஏற்றியதாக ஆகும்.

ஆனால் நான் எழுத வந்தது நிர்வாக யோசனை இல்லை, கதைகளைப் பற்றி. அந்தப் பிரேசில் பயிற்சி செய்வது என்ன? ஒருவரை இன்னொருவரின் இடத்தில் உட்காரவைக்கிறது. அது கதை செய்ய வேண்டிய வேலை. பஸ் ஜெயிப்பதும் சைக்கிள் ஜெயிப்பதும் நமக்குக் கதையாகிவிட்டது. ஒருவன் ஒதுங்குவதும், ஒதுக்கியவனுக்கும் அதில் சுகமில்லை என்பதும் இன்னும் கதையாகவில்லை. சாவு வந்தால்தான் ரோட்டைப் பார்ப்போம் என்கிற பழக்கத்தை நம் படங்களும் எழுத்தும் முதலில் விட வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு சைக்கிள் வாங்கினார். காலையில் டீக்கடை வரைக்கும், பேப்பர் வாங்க. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பின்னாலேயே வண்டியில் போனேன். பஸ் ஹாரன் கேட்டதும் அவர் இறங்கி, சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணில் நின்றார். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் ஏறவில்லை.

"யாருப்பா டிரைவர், தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டேன்.

"தெரியலடா. மூஞ்சியைப் பார்க்கத்தான் நின்னேன். தெரியல" என்றார்.