‘நான்’ இல்லாத தன்வரலாறு

ஆசிரியர்களே, தன்வரலாறு கற்பிக்கும்போது டாக்டர் வூ லியென் தே ஆங்கிலத்தில் எழுதிய ‘பிளேக் ஃபைட்டர்’ (1959) நூலையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. 1879இல் நம்ம பினாங்கில் பிறந்தவர். 1910–11 மஞ்சூரியக் கொள்ளைநோயில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அது மூச்சுவழி பரவுது என்று கண்டு, முகக்கவசம் அணிய வைத்தவர் இவர்தான்.

நூலில் அந்தக் கொள்ளைநோய்க் கதையைச் சொல்லும்போது தன்னை ‘டாக்டர் வூ’ என்றே குறிப்பிடுகிறார். படிக்கிறவங்களுக்கு அது அடக்கமாத் தோணும். எனக்கு அப்படித் தோணல. பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இவர் கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்து, சில நாளில் அதே நோயால் இறந்தார். அந்த வாக்குவாதத்தை நாம் வூ சொல்லித்தான் கேட்கிறோம். படர்க்கையில் எழுதியதால் யாரோ நடுநிலைச் சாட்சி பேசுவது போல ஒலிக்குது. வூ சொன்னதுதான் சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மெஸ்னி பதில் சொல்ல உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் வூ வரலாற்றாசிரியர். மேலைநாட்டார் எழுதிய மருத்துவ வரலாற்றில் சீனாவுக்கு மிகக் கொஞ்ச இடமே கிடைத்த ஆதங்கத்தில், கே. சிமின் வோங்குடன் சேர்ந்து 1932இல் சீன மருத்துவ வரலாற்றை வெளியிட்டவர். ஒரு தரப்பு மட்டும் எழுதினால் என்ன ஆகும்னு அவருக்குத் தெரியாதா?

அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லி, நான்காம் படிவ மாணவர்களை ‘நான்’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்க. அப்புறம் மெஸ்னி பேசுவதாகவும் ஒரு பத்தி.