காலடித் தாளம்: ப்ளூஸ், ராக், கொஞ்சம் காவடிச்சிந்து

"ப்ளூஸைக் கொஞ்சம் சத்தமா வாசிச்சா ராக், அவ்வளவுதானே?" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுரத்தை மட்டும் பார்த்தால் இது ஏறக்குறைய சரி. தாளத்தைப் பார்த்தால் சரியில்லை. இந்தக் குறிப்பு பெரும்பாலும் தாளத்தைப் பற்றியது.

முதலில் சுரம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ப்ளூஸின் ஆதார கார்டில் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்து வரும். ஹரிகாம்போதியில் இருக்கிற அதே ஜோடி. ஆனா பாடுகிறவர் காந்தாரத்தை அங்கேயே நிறுத்த மாட்டார். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ வளைத்துப் பிடிப்பார். பியானோ கட்டைகளுக்கு இடையில் விழும் இந்தச் சுரம்தான் 'ப்ளூ நோட்'. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. வழக்கமான வடிவம் 12 பார். ஸ, ம, ப மூன்றின் மேல் கார்டுகள். முதல் வரியை இரண்டு தடவை சொல்லி, மூன்றாவதில் பதில். இது எல்லாமே ராக்குக்குள் வந்து சேர்ந்தது.

இனி தாளம். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிவு செய்த 'கிராஸ் ரோடு ப்ளூஸ்' பாட்டை விரல் விட்டு எண்ணிக் கேளுங்க. கணக்கு உதைக்கும். ஓரிடத்தில் அடி கூடும், இன்னோரிடத்தில் குறையும். இதைத் தாளம் தெரியாத ஆள் என்று எடுத்துக்கொண்டால் பாட்டே கைவிட்டுப் போய்விடும். ஒரே ஆள், ஒரே கிட்டார். பேஸ், கார்டு, ஸ்லைடு, குரல் நாலும் அவர் பொறுப்பு. வரி எங்கே முடிகிறதோ, ஸ்லைடு எங்கே ஓய்கிறதோ, அங்கேதான் அடுத்த பார் தொடங்கும்.

அதே பாட்டை க்ரீம் குழு 1968இல் சான் பிரான்சிஸ்கோ வின்டர்லேண்ட் மேடையில் வாசித்தது. எரிக் கிளாப்டன் கிட்டாரும் பாட்டும், ஜாக் ப்ரூஸ் பேஸ், ஜின்ஜர் பேக்கர் டிரம்ஸ். ஸ்லைடு போய்விட்டது. பாட்டு முழுக்க ஒரு ரிஃப் ஓடுகிறது. பார்கள் பிசகாமல் 12. மூன்று பேர் சேர்ந்து வேகமாக ஓட வேண்டுமென்றால் சுவர் நேராக இருக்கணும். அந்தச் சுவர் இருப்பதால்தான் கிளாப்டன் சுற்றுக்கு மேல் சுற்றாக சோலோவில் ஏற முடிகிறது. ஜான்சனால் அதைச் செய்திருக்க முடியாது. அவருக்குப் பின்னால் தாளம் பிடிக்க ஆள் இல்லை. ஆக, இதை வெறும் இழப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் ரிஃப் ராக்கின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் ஜான் லீ ஹூக்கரைக் கேட்கணும். 1948இல் அவர் பதிவு செய்த 'பூகி சில்லன்' ஏறக்குறைய ஒரே கார்டில் நிற்கிறது, நம் சுருதி மாதிரி. தாளம் அவர் தரையில் தட்டும் கால். லெட் செப்பலின் 1969இல் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் ஒரே ரிஃபை இறுக்கிப் பிடித்ததும் அந்த வழியில்தான். அந்தப் பாட்டுக்கு மூலம் தன்னுடைய பாட்டு என்று வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. வாங்கியதைச் சொல்லாமல் வாங்குவதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி.

என் வாதம் இதுதான்: ப்ளூஸில் தாளம் பாடுகிறவரின் உடம்பில் இருக்கிறது, ராக்கில் அது குழுவின் கைக்கு மாறுகிறது. சத்தம், மின்சாரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சொல்லப்போனால் மின்சார கிட்டாரை மடி வாட்டர்ஸ் போன்ற சிகாகோ ப்ளூஸ்காரர்களே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்த மாற்றத்துக்கு இங்கேயே உதாரணம் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் எங்கள் தேவதானத்திலிருந்து தூரமில்லை. அந்த ஊர் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச்சிந்து, காவடி தூக்கி நடக்கிறவர்களுக்கான பாட்டு. ஏற்றம் வந்தால் நடை தளரும், பாட்டும் தளரும். அதே சிந்து கச்சேரி மேடையில் கடைசியில் துக்கடாவாக வரும்போது மிருதங்கம் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. சொல் தெளிவாகக் கேட்கிறது, ராகம் மின்னுகிறது. நடக்கிற ஆளைத்தான் காணோம்.

கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் அந்த ஆள் இன்னும் இருக்கிறார். நாகசுரம் சினிமாப் பாட்டையே வாசிக்கட்டும். பாட்டு முடிந்த பிறகு தவிலும் பம்பையும் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்பதை ஆடுகிற கால்தான் சொல்லும். தவில்காரர் கண் அந்தக் காலில் இருக்கும். இப்போது சில அம்மன் கோயில் பொங்கல்களில் கீபோர்டும் ரிதம் பேடும் மேளத்தோடு சேர்கின்றன. சேரட்டும், வாத்தியத்தில் தீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் பேடில் ஏற்றிவைத்த லூப் யார் காலையும் பார்க்காது. ஆடுகிறவர் அதற்குப் பின்னால் ஓட வேண்டியதுதான்.

க்ரீம் தாளத்தை ஜான்சனிடமிருந்து எடுத்தபோது, அதை ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் மூன்று மனிதர்களிடம் கொடுத்தது. ராக் பிழைத்தது அதனால். எங்கள் பக்கத்து மேளத்தில் தாளம் கைமாறினால், யார் கைக்குப் போகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளணும். லூப்பை நிறுத்திப் போடும் ஒரு ஆள், ஆட்டக்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் போதும்.