மூடி வைத்த பெட்டி: டீசல் இன்ஜின்களை நாம் காப்பாற்றும் லட்சணம்

கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. கலெக்டர் ஜான் சல்லிவன் பங்களா கட்டினது இங்கே கண்ணேரிமுக்கில்தான், ஆனால் தண்டவாளம் வந்தபோது அது 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் போய்விட்டது. அதனால் மலை ரயிலைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெளியாள் பார்வை உண்டு. பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்கணும். அப்படிப் போய்ப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணில் படுகிற ஒரு காட்சியில் இருந்துதான் இந்தக் குறிப்பு கிளம்புகிறது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து வரும் வண்டி குன்னூரில் நிற்கும். அதுவரை பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்த எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின் கழற்றப்படும். அதைச் சுற்றி ஐம்பது செல்போன்கள். பிறகு ஊட்டி வரைக்கும் கொண்டு போக ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் வந்து பூட்டிக்கொள்ளும். செல்போன்கள் எல்லாம் பைக்குள் போய்விடும். டீ, வர்க்கி வாங்கக் கூட்டம் கலையும். குன்னூரில் இருந்து ஊட்டி வரை 1-க்கு 23 என்ற ஏற்றத்தில் அத்தனை பேரையும் சுமந்துகொண்டு போகப்போவது எது என்று ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுற்றுலாப் பயணிகளைக் குறை சொல்ல இதை எழுதலை. அவர்கள் கண்ணுக்கு அப்படிப் பழக்கிவிட்டது நம்முடைய ரயில் அருங்காட்சியகங்களும் பாரம்பரியப் பட்டியல்களும்தான். என் குறை அவற்றின் மேல்.

பழையது என்றால் நீராவி. இந்தச் சமன்பாடு எப்படி வந்தது என்று யோசித்தால் காரணம் எளிது. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தது 1977 பிப்ரவரியில். அதற்கு ஆலோசகராக இருந்தவர் மைக்கேல் கிரஹாம் சாட்டோ. இங்கிலாந்தில் ஸ்டீபன்சனின் 'லோகோமோஷன்' இன்ஜினுக்கு நகல் கட்டிய மனிதர், சுத்தமான நீராவிப் பக்தர். அந்த நாளில் டீசல் என்பது வேலைக்காரன். நீராவிதான் சாகக் கிடந்தது. சாகிறதைக் காப்பாற்றினார்கள், சரிதான். ஆனால் இப்போது சாகக் கிடப்பது டீசல். அகலப் பாதை கிட்டத்தட்ட முழுக்க மின்மயமாகிவிட்டது. மீட்டர் கேஜோ, 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில் கரைந்து, தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பது இந்த 46 கிலோமீட்டர் மலைப்பாதை மட்டும். ஆள் மாறிவிட்டது, ஆனால் நாம் இன்னும் பழைய நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

"டீசலும் வைத்திருக்கிறோமே" என்பார்கள். வைத்திருக்கிறார்கள்தான். டெல்லியில் இருக்கு, வேறு ஊர்களிலும் வாசலில் ஒன்று நிறுத்தியிருப்பார்கள். எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதில்தான் என் பிரச்சினை.

நீராவி இன்ஜின் தன் குடலை வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிற ஜீவன். பிஸ்டன் கம்பி, இணைப்புத் தண்டு, சக்கரம், புகைபோக்கி, எல்லாம் கண்ணுக்கு எதிரே. ஒரு பீடம் கட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தினால் போதும். எட்டு வயசுப் பிள்ளைகூட இது இப்படித் தள்ள அது அப்படிச் சுத்தும் என்று பாதியைப் புரிந்துகொள்ளும். டீசல் அப்படி இல்லை. அது ஒரு மூடின பெட்டி. அதன் கதை மொத்தமும் உள்ளே. எண்ணெய் எரிந்து எஞ்சின் சுழல்கிறது. எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியாக அடியில் ஆறு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. அதாவது நாம் டீசல் இன்ஜின் என்று சொல்வது, தன்னோடு ஒரு மின் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மின்சார இன்ஜின். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், பார்க்கிறவருக்கு அது வேறு பொருளாகிவிடும். பக்கவாட்டுக் கதவுகளைப் பூட்டி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து, அதே நீராவிக்காலத்துப் பீடத்தில் ஏற்றினால் ஜனங்கள் பார்ப்பது என்ன? தகர ஷெட் ஒன்றை. பிறகு "டீசல்ல என்னங்க இருக்கு பாக்க" என்று கேட்டால், அவர்கள் மேல் தப்பில்லை.

நான் போன ஒரு அருங்காட்சியகத்தில் டீசல் முன்னால் இருந்த பலகையில் எடை, குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் மட்டும் எழுதியிருந்தது. கல்யாணத் தரகர் கொடுக்கிற விவரக்குறிப்பு மாதிரி. வண்ணமோ, அது ஓடின காலத்தில் எந்த ஷெட்டிலும் பூசியிராத வண்ணம். பீடத்தில் ஏற்றுவதற்கு முன் சுரண்டி எடுத்த பழைய பூச்சின் அடுக்குகள் ஒரு ஆவணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோயில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கிற அதே கைதான் இது.

இதை ரசனைப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. நிறுத்தி வைக்கிற விதம் அந்தப் பொருளையே கொன்றுவிடும். தென்வேல்ஸில் பேரி என்ற ஊரில் வுட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கடை. 1960-களில் இருந்து அங்கே கடல் காற்றில் கிடந்து துருப்பிடித்த நீராவி இன்ஜின்களில் 213-ஐ ஆர்வலர்கள் மீட்டெடுத்தார்கள். ரயில் பாதுகாப்புக்காரர்களுக்கு அது ஒரு புராணக் கதை. அந்தப் புராணத்தில் சொல்லாமல் விடுகிற ஒரு பாத்திரம் உண்டு. அதே கடையில் டி601 'ஆர்க் ராயல்' என்ற டீசல் இன்ஜினும் கிடந்தது. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1950-களின் கடைசியில் கட்டிய ஐந்தில் ஒன்று. சுற்றிலும் இருந்த நீராவி இன்ஜின்களை ஒவ்வொன்றாக விலை பேசி இழுத்துக்கொண்டு போனவர்கள் இதைத் தாண்டித்தான் போனார்கள். 1980-இல் அதை வெட்டி எடைக்குப் போட்டார்கள். அந்த வகையில் இன்று ஒன்றுகூட இல்லை.

அதைவிட மோசம், பிரிட்டனின் முதல் பிரதான பாதை டீசலான 10000. 1947-இல் டெர்பியில் கட்டினது, 1968-இல் வெட்டினது. நீராவிக்கு முடிவு எழுதிய இன்ஜின், நீராவியை நினைத்து எல்லோரும் அழுத வருஷத்தில் சத்தமில்லாமல் போனது. இப்போது அதை முதலில் இருந்து மறுபடி கட்ட ஒரு சங்கமே வைத்துப் பணம் சேர்க்கிறார்கள். எடைக்குப் போட்டு, நாற்பது வருஷம் கழித்து அதற்கே நன்கொடை ரசீது அடிக்கிறது!

ஆனால் அதே ஊரில் டெல்டிக் கதையும் இருக்கு. 22 இன்ஜின்கள், 1982 தொடக்கத்தில் கடைசியாக ஓய்ந்தன, ஆறு பிழைத்தன. அதற்குக் காரணம் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1977-இல், ஆர்வலர்கள் சங்கம் தொடங்கியதுதான். இன்ஜினோடு உதிரிப் பாகங்களையும் வாங்கி வைத்தார்கள். சாவுக்கு முன்னாலேயே வைத்தியம். இதுதான் டீசல் விஷயத்தில் கற்க வேண்டியது. ஏனென்றால் நீராவி இன்ஜினைக் கொல்லன் பட்டறையின் பெரிய அண்ணன் ஒருவன் மறுபடி செய்துவிடலாம். திருச்சி பொன்மலைப் பணிமனை மலைப்பாதைக்குப் புது எக்ஸ் வகுப்பு இன்ஜின்களையே கட்டிக் காட்டியிருக்கிறது. டீசலில் அது நடக்காது. மோட்டார் சுருள்களின் காப்பு ஈரம் குடித்தால் போச்சு. புகைபோக்கி வாய் திறந்து கிடந்தால் மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கும். எலி கம்பிகளைக் கடிக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். இதைத் தடுக்க என்ன வேணும்? மேலே ஒரு கூரை, அவ்வப்போது எண்ணெய் செலுத்தி உள் தண்டைச் சுற்றிவிட ஒரு ஆள். இதுகூடச் செய்யாமல் நீலகிரி மாதிரி மாசக்கணக்கில் மூடுபனி படிகிற ஊரில் வெட்டவெளியில் பீடம் கட்டினால், அது மெதுவாக நடத்துகிற இறுதிச் சடங்கு.

இந்தியாவுக்கு இங்கே ஒரு அபூர்வமான வசதி இருக்கு. ஒய்டிஎம்-4, அகலப்பாதையின் டபிள்யூடிஎம்-2, இரண்டும் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. முன்னதில் வரிசையாக ஆறு சிலிண்டர், பின்னதில் வி வடிவில் பதினாறு. எஞ்சின் குடும்பம் ஒன்றே, 251. ஸ்கெனெக்டடியில் ஆல்கோ 1969-இல் இன்ஜின் கட்டுவதை நிறுத்திவிட்டது. 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி முதல் இன்ஜினை அர்ப்பணித்த வாரணாசி ஆலையோ, தாய்க் கம்பெனி செத்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்த வம்சத்தை வளர்த்தது. வியட்நாமுக்குப் போச்சு, இலங்கைக்குப் போச்சு. நம்ம பழைய ஒய்டிஎம்-4-கள் மலேசியாவில் வாடகைக்கு ஓடின. அதாவது ஆல்கோவின் உண்மையான அருங்காட்சியகம் அமெரிக்காவில் இல்லை, இங்கே இருக்கு. பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. காதை வைத்துக் கேட்டே எந்தச் சிலிண்டர் சரியில்லை என்று சொல்கிற ஃபிட்டர்கள் இப்போதுதான் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் இரண்டுமே இருக்காது.

பொன்மலை, ஈரோடு, குன்னூர் ஷெட்களில் வேலை பார்த்தவர்களின் கதையை யாரும் முறையாகக் கேட்டு வைக்கலை என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். நீராவியில் டிரைவரோடு கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன்கள் இருந்தார்கள். டீசல் வந்ததும் அந்த வேலை செத்தது. அவர்கள் எங்கே போனார்கள், யார் மறுபயிற்சி பெற்று உதவி டிரைவர் ஆனார்கள், யாரால் முடியவில்லை? இது தமிழ்நாட்டின் தொழிலாளர் வரலாறு. இந்த வரலாறு நீராவி இன்ஜினில் இல்லை, அதன் இடத்துக்கு வந்த டீசலில்தான் இருக்கு. குதிரைத்திறன் எழுதின பலகையில் இதற்கு இரண்டு வரி இடம் கிடைக்காதா?

மறுபக்க வாதங்களையும் பார்த்துவிடலாம். புகை, மாசு என்பது ஒன்று. ஒன்றிரண்டு இன்ஜினை வருஷத்தில் நாலைந்து நாள் கிளப்புவதால் உலகம் சூடாகிவிடாது. நீராவிக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதும் இல்லை. செலவு என்பது இன்னொன்று, அது நியாயமானது. நூறு டன்னுக்கு மேல் கனமான இன்ஜின், உள்ளே கிடக்கிற செம்புக்கே நல்ல விலை; ஏலத்தில் போனால் ரயில்வேக்கு வரவு. அதனால்தான் எல்லாவற்றையும் காப்பாற்று என்று கூச்சல் போடும் ரயில் ரசிகர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்களுக்கு எண்தான் முக்கியம். இந்த எண், அந்த ஷெட், இந்த வண்ணம் என்று ஸ்டாம்பு ஆல்பம் சேர்க்கிற மனசு. இருபது இன்ஜினை வெயிலில் காயவிடுவதைவிட இரண்டைக் கூரைக்குக் கீழே வைப்பது மேல். ஒன்று கதவு திறந்து, பக்கம் வெட்டி, உள்ளே விளக்குப் போட்டு. இன்னொன்று ஓடும் நிலையில். நீராவிக்கு அரியானாவில் ரேவாரி ஷெட் இருக்கிற மாதிரி, டீசலுக்கு ஒரு ரேவாரி. அதற்குப் பொன்மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

யுனெஸ்கோ முத்திரையும் ஒரு தடை என்று சிலர் நினைக்கிறார்கள். 1999-இல் டார்ஜிலிங், 2005-இல் நீலகிரி, 2008-இல் கால்கா-சிம்லா என்று சேர்ந்த பட்டியல் அது. டார்ஜிலிங்கில் 2000-த்தில் டீசல் வந்தபோது பாரம்பரியம் கெட்டுப்போச்சு என்று முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மலைப்பாதை உயிரோடு இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கேத்தி, லவ்டேல்காரர்களையும் தினம் ஏற்றி இறக்கினதால். அந்தத் தினசரி ஓட்டத்துக்குக் குன்னூருக்கு மேலே தோள் கொடுத்தது டீசல். பாரம்பரியத்தைக் காப்பாற்றினதைப் பாரம்பரியத்துக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

நமக்குப் பக்கத்திலேயே வேறு மாதிரி ஒரு உதாரணம் இருக்கு. இலங்கையில் எம்2 வகுப்பு. 1954-இல் இருந்து கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்தது. கனடா மாகாணங்களின் பெயரைத் தாங்கி வந்த இன்ஜின்கள். பதுளை போகிற மலைப்பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, எழுபது வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. யாரும் பீடம் கட்டவில்லை, பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள். அட்டனிலும் நானு ஓயாவிலும் மலையகத் தமிழர்களுக்கு அந்தச் சத்தம் வீட்டுக் கடிகாரம் மாதிரி. அங்கேயும் புது இன்ஜின்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எம்2 வந்தால் ஜனங்கள் கையை நீட்டிக் காட்டுகிறார்கள். அதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கு.

குன்னூரில் அப்படி ஏதும் கேட்டதில்லை. ஷெட் பக்கமாக ஒரு பலகை வைத்து, "இங்கிருந்து உங்களைக் கொண்டு போவது இது; உள்ளே நடப்பது இது" என்று ஒரு வெட்டுப்படமும், ஓய்வு பெற்ற ஒரு டிரைவரின் நாலு வரியும் போட எத்தனை செலவாகும்? இன்ஜின் மாற்றுகிற நேரம் சும்மாதானே நிற்கிறார்கள் ஜனங்கள். அருங்காட்சியகம் கட்ட நிலம் தேடும் முன்னால் அந்தச் சில நிமிஷத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.